அக்காளின் சேலையும் தங்கையின் ஆசையும்

நம் இல்லங்களில் எழும் வழக்குகளுள் மிகப் பழமையானது எது? நிலத்தைப் பற்றியதும் அன்று; நகையைப் பற்றியதும் அன்று. "என் சட்டையை அவன் ஏன் போட்டுக்கொண்டான்?" "என் தாவணியைக் கேட்காமல் அவள் ஏன் எடுத்தாள்?" என்பதே அது. வாதியும் பிரதிவாதியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நீதிபதியோ அடுப்படியில் கை ஓயாமல் நிற்கும் அன்னை. தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றேதான்: "சின்னவள்தானே, விட்டுக்கொடு!" அத்தீர்ப்பினால் வழக்குத் தீர்வதில்லை. அன்றைய பொழுது ஒருவாறு கழிகிறது, அவ்வளவே.

இதுவும் ஒரு பொருளா, இதற்கென ஏடு செலவிட வேண்டுமா என்று சிலர் கருதலாம். சொந்த ஊரில் வாழ்வோர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. அங்கே பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளும் அத்தை வீட்டுப் பிள்ளைகளும் தெருவுக்கு நால்வர் இருப்பர். ஒருவரோடு பிணங்கினால் மற்றொருவரோடு கூடி விளையாடலாம். பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறிய நம் குடும்பங்களின் நிலை வேறு. இரண்டு அறை கொண்ட வீட்டில், வேற்று மொழி வழங்கும் தெருவில், அக்காளுக்குத் தங்கையும் தங்கைக்கு அக்காளுமே சுற்றம் முழுவதும். பிற்காலத்தில் பெற்றோர் இல்லாதபோது, "அம்மா இப்படித்தான் ரசம் வைப்பாள்" என்று பேசிக்கொள்ள அவ்விருவரன்றி வேறு எவரும் இரார். ஆகையால், ஒரு தாவணியினால் அவ்விருவர் நடுவே விழும் முடிச்சு சிறியதே ஆயினும், அதனை அவிழ்க்கும் வழியை நாம் அறிந்திருத்தல் நலம்.

அவ்வழியைத் தேடும்போது நம் நினைவு சித்தூருக்கும் திருப்பதிக்கும் செல்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் நாடு அது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது, அதுவரை வட ஆர்க்காட்டில் இருந்த பல ஊர்கள் அதனுள் அடங்கின. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வேறு சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 2022-இல் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறியும் அந்நாட்டு வீடுகளில் மாறாத சொற்கள் சில உண்டு. மூத்தவளை இரு மொழியாரும் 'அக்கா' என்றே அழைப்பர். மூத்தவனை 'அண்ணா' என்றே விளிப்பர். உடன்பிறந்தாரிடையே பொருள் எவ்வாறு வழங்க வேண்டும் என்பதற்கும் அவ்விரண்டு ஊர்களும் இரண்டு பாடங்களைப் போற்றி வைத்திருக்கின்றன. சித்தூர்ப் பக்கத்தில் கிடைப்பது கேட்டலின் பாடம். திருப்பதியில் கிடைப்பது கொடுத்தலின் பாடம்.

கேளாமல் எடுத்த கனி

சித்தூரிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில் காணிப்பாக்கம் என்னும் தலம் உள்ளது. அங்குள்ள விநாயகர் தாமே தோன்றியவர் என்பது மக்கள் நம்பிக்கை. அவர் முன்னிலையில் பொய்யாணை இடுவதற்கு அஞ்சாதவர் அந்நாட்டில் இல்லை. அவ்வூரில் ஓடும் ஆற்றின் பெயர் பாகுதா. 'பாகு' என்பது கை; 'தா' என்பது தருவது. கையைத் தந்த ஆறு என்பது பெயரின் பொருள். யாருடைய கையைத் தந்தது? ஓர் உடன்பிறப்பின் கையைத்தான்.

சங்கர், லிகிதர் என்னும் உடன்பிறந்தார் இருவர் காணிப்பாக்கத்துக்கு நடந்து வந்தனர் என்று தலக்கதை கூறும். இளையவராகிய லிகிதர் பசியால் களைத்தார். வழியில் இருந்த மாந்தோப்பில் ஒரு கனியைப் பறிக்க விரும்பினார். மூத்தவர் தடுத்தார். இளையவர் கேளாமல் பறித்து உண்டார். செய்தி அரசனிடம் சென்றது; லிகிதரின் கைகள் வெட்டுண்டன. பின்னர் அவர் ஆற்றில் மூழ்கி எழுந்தபோது கைகள் மீண்டும் வளர்ந்திருந்தன.

இக்கதையின் மூலம் மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் உள்ளது. அங்கே கதை இன்னும் நுட்பமானது. சங்கர், லிகிதர் இருவருக்கும் பாகுதை ஆற்றங்கரையில் தனித்தனி ஆசிரமங்கள் இருந்தன. ஒருநாள் லிகிதர் அண்ணனைக் காணச் சென்றார். அண்ணன் வெளியே சென்றிருந்தார். மரங்களில் கனிகள் பழுத்துத் தொங்கின. லிகிதர் சிலவற்றைப் பறித்து அமைதியாக அமர்ந்து உண்டுகொண்டிருந்தார். திரும்பி வந்த அண்ணன், "இவை எங்கே கிடைத்தன?" என்று வினவினார். தம்பி புன்னகையோடு, "இங்கேதான் எடுத்தேன்" என்றார்.

நேயர்கள் அப்புன்னகையைக் கவனிக்க வேண்டும். தாம் தவறு செய்ததாக லிகிதர் எண்ணவே இல்லை. அண்ணனுடையது தம்முடையதே என்று அவர் கருதினார். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாறே கருதுகின்றனர். அலமாரி திறந்திருக்கிறது; அண்ணனின் நீலச் சட்டை தொங்குகிறது; இன்று பள்ளியில் விழா. எடுத்து அணிந்துகொண்டு அதே புன்னகையோடு புறப்பட்டு விடுகிறான் தம்பி.

சங்கர் தம்பியை அரசனிடம் சென்று குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு அனுப்பினார். சுத்யும்நன் என்னும் அவ்வரசன் மன்னிக்க முன்வந்தும், லிகிதர் தண்டனையையே வேண்டிப் பெற்றார். கைகள் அற்ற நிலையில் அவர் அண்ணனிடம் திரும்பி வந்தார். அப்போது சங்கர், தமக்குத் தம்பிமேல் சிறிதும் சினம் இல்லை என்று கூறி, அவரை ஆற்றுக்கு அனுப்பினார். இழந்த கைகள் திரும்பின.

தண்டனை நமக்குக் கொடியதாகத் தோன்றும்; அதனை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. ஆயினும் கதை சொல்லும் உண்மை நம் அலமாரிக்கும் பொருந்துவதே. கனி போனதைப் பற்றி அண்ணன் வருந்தவில்லை. கேட்டிருந்தால் கூடை நிறையக் கொடுத்திருப்பார். கேளாமல் எடுத்தபோது கொடுக்கும் வாய்ப்பை அவரிடமிருந்து தம்பி பறித்துவிட்டார். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று நம் மூத்தோர் கூறுவதன் கருத்தும் இதுவே. உறவு எவ்வளவு நெருங்கியதாயினும், 'எடுத்துக்கொள்ளட்டுமா?' என்ற ஒரு சொல் நடுவே நிற்க வேண்டும்.

தங்கைக்கு அண்ணன் அனுப்பும் சேலை

இனித் திருப்பதிக்குச் செல்வோம். மலையடிவாரத்தில் அவ்வூரின் நடுவே தாதய்யகுண்ட கங்கம்மா கோயில் கொண்டிருக்கிறாள். மலைமேல் எழுந்தருளியிருக்கும் வேங்கடவனின் தங்கை அவள் என்பது ஊர் வழக்கு. ஆண்டுதோறும் மே மாத அளவில் அவளுக்கு ஒரு வாரம் சாத்திரை நடைபெறும். அப்போது மலைக்கோயிலின் சார்பில் தங்கைக்குச் சேலையும் மஞ்சளும் குங்குமமும் சீராகச் செல்கின்றன. கங்கம்மா வளர்ந்த வீடு என்று மக்கள் கொண்டாடும் அவிலாலா என்னும் ஊரிலிருந்தும் பிறந்த வீட்டுச் சீர் வரும். தெலுங்கில் சேலைக்குச் 'சீர' என்று பெயர். பிறந்த வீட்டுச் சீருக்குச் 'சாரெ' என்று பெயர். சேலையின்றிச் சீர் இல்லை என்பதை அச்சொற்களே ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக் காட்டுகின்றன.

இவ்வழக்கம் ஆந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. நம் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளுவாள். அங்கே அவளுக்குத் தமையனாராகிய திருவரங்கநாதர் சேலை முதலிய சீர்வரிசைகளை அனுப்புவார். வைணவக் கோயிலும் அம்மன் கோயிலும் வழிபாட்டு முறையால் வேறுபட்டவை. ஆயினும் அண்ணன் தங்கை என்று உறவு கொண்டாடிய பின்னர், அவ்வேறுபாட்டைக் கடந்து செல்வது ஒரு சேலைதான்.

கங்கம்மா சாத்திரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. முன்னொரு காலத்தில் பாளையக்காரன் ஒருவன் ஊர்ப் பெண்களுக்குக் கொடுமை இழைத்து வந்தான் என்றும், அவனை அழிக்கக் கங்கம்மா தோன்றினாள் என்றும், அவன் அஞ்சி ஒளிந்துகொள்ள, அவள் நாளுக்கொரு வேடம் பூண்டு தேடினாள் என்றும் ஊரார் கதை சொல்வர். இறுதியில் அவள் துரை வேடத்தில் வந்தபோது அவன் வெளிப்பட்டு மாண்டான். அவ்வேடங்களை நெசவு மரபினரான கைக்காலக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வீதிதோறும் வருகின்றனர். வேண்டுதல் கொண்ட ஆடவர் பலரும் அந்நாட்களில் சேலை உடுத்து, பூச்சூடி, வளையணிந்து அம்மனைத் தொழச் செல்வர். 2024-இல் வெளிவந்த 'புஷ்பா 2' என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் கதாநாயகன் சேலையுடன் ஆடும் காட்சியைக் கண்ட நம் பிள்ளைகள், இது என்ன புதுமை என்று வியந்திருக்கக்கூடும். திரையில் கண்டது புதுமையாயினும் திருப்பதித் தெருவில் அது பழமையே.

சேலை கட்டிப் பழகாத ஓர் இளைஞன் தானே கொசுவம் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டுப் பெண்கள்தாம் கட்டிவிட வேண்டும். கொசுவத்தைச் சரிசெய்யும் கையும் முந்தானையை ஊசி குத்தி நிறுத்தும் கையும் தாயினுடையதோ அக்காளினுடையதோ ஆகும். நாள்தோறும் அக்காள் எவ்வளவு துணியைச் சுமந்து, எவ்வளவு கவனத்தோடு படியேறி இறங்குகிறாள் என்பதை அன்று ஒரு நாளாவது தம்பி தன் உடம்பால் அறிகிறான். ஒருவர் உடையை மற்றொருவர் உடுத்தும்போது அவர் நிலையையும் சிறிது உடுத்துக்கொள்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

உடுத்ததன் பெருமை

உடன்பிறந்தார் உடையை வாங்க மறுக்கும் பிள்ளைகள் கூறும் காரணம் ஒன்று உண்டு: "அது அவள் உடுத்தியது; பழையது." இக்காரணம் நியாயமானதா?

புரட்டாசியில் திருமலையில் பிரம்மோற்சவம் நடைபெறும்போது, கருட சேவைக்கென்று திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை செல்கிறது. புதிய மாலை தொடுக்கத் திருமலையில் பூவுக்குப் பஞ்சமா? அங்கே தோட்டங்கள் உள்ளன, கட்டுவோரும் உள்ளனர். இருந்தும், ஒருத்தி தோளில் கிடந்த மாலைக்காகவே பெருவிழா காத்திருக்கிறது. சூடியதனால் அம்மாலையின் மதிப்புக் குறையவில்லை, கூடியது. சூடியவள் அன்பு அதில் ஏறிவிட்டது.

நம் வீட்டிலும் அப்படித்தான். பட்டம் பெற்ற நாளில் அக்காள் உடுத்திய சேலையைத் தன் பட்டமளிப்பு நாளில் தங்கை உடுத்துகிறாள். அச்சேலைக்கு இப்போது இரண்டு நாட்களின் நினைவு உண்டு. கடையில் தொங்கும் புதுச்சேலைக்கு ஒரு நாளின் நினைவும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. தனக்குப் பயன்படாததைத் தள்ளிவிடுவது வேறு; தான் விரும்புவதையே பகிர்வது வேறு. கிழிந்ததையும் நிறம் மங்கியதையும் இளையவருக்கென்று ஒதுக்கிவிட்டு, அதற்குப் பகிர்வு என்று பெயரிடுதல் தகாது. வீட்டில் இளையவராய்ப் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு எப்போதும் அண்ணன் போட்டுக் கழித்ததுதான்" என்னும் குறை நரைத்த வயதிலும் அவர்கள் நாவில் நிற்கிறது. வறுமையினால் அவ்வாறு நேர்ந்ததென்று அவர்கள் அறிவார்கள். அதற்காகப் பெற்றோரை வெறுப்பதும் இல்லை. எனினும் புத்தகப் பையும் பழையது, செருப்பும் பழையது, சட்டையும் பழையது என்று வளர்ந்த பிள்ளை, தான் வீட்டில் இரண்டாம் இடத்தில் இருப்பதாக எண்ணத் தொடங்குகிறது. ஆண்டில் ஒரு முறையாவது இளையவருக்கென்று புதுத்துணி எடுத்து, அதனை முதலில் அவரே உடுத்துமாறு செய்தல் பெற்றோர் கடமை. மூத்தவரும் ஒரு நாளைக்கு அதனை இளையவரிடம் கேட்டு அணிந்தால் இன்னும் சிறப்பு. "உன்னுடையதும் எனக்கு அழகாயிருக்கிறதே!" என்று அக்காள் சொல்லும் ஒரு சொல், தங்கைக்குப் பத்துப் பாவாடைக்கு ஈடாகும்.

வெட்டாத துணியின் இயல்பு

ஆடைகளுள் பகிர்ந்துகொள்வதற்கு மிகவும் ஏற்றது சேலையே. காரணம் எளிது. அதனை யாருடைய உடம்புக்கும் அளவெடுத்து வெட்டுவதில்லை. ஐந்தரை மீட்டர் நீளத்தை உயர்ந்தவள் ஒருவிதமாகவும் குட்டையானவள் ஒருவிதமாகவும் கட்டிக்கொள்ளலாம். மெலிந்தவளுக்குக் கொசுவம் இரண்டு கூடும். பருத்தவளுக்கு இரண்டு குறையும். வேட்டியும் துண்டும் அத்தகையனவே. சப்பானியரின் கிமோனோவும் நேர்த்துண்டுகளாக வெட்டித் தைத்து, இடையில் மடித்து உயரத்தைச் சரிசெய்துகொள்வது ஆகையால், அங்கும் அது தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் செல்வமாக இருந்து வந்திருக்கிறது.

இடர்ப்பாடு ரவிக்கையில்தான் தோன்றும். சேலை இருவருக்கும் பொருந்தும்; ரவிக்கை பொருந்தாது. அதற்கும் நம் தையற்காரர்கள் வழி வைத்திருக்கின்றனர். உள் தையலில் சிறிது துணி விட்டுத் தைத்தால் வேண்டும்போது பிரித்துப் பெரிதாக்கலாம். மீண்டும் பிடித்துச் சிறிதாக்கலாம். நம் அன்னையர் பட்டுப்பாவாடையின் அடியில் இரண்டு மூன்று மடிப்புகள் வைத்துத் தைப்பித்ததை நினைவுகூர்க. பெண் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவர். கடைசி மடிப்பும் பிரிந்த பிறகு அது தங்கைக்குச் செல்லும். மீண்டும் மடிப்புகள் ஏறும். பிரித்த இடத்தில் தெரியும் கோடுகளை எண்ணி, அக்காள் எந்த ஆண்டில் எவ்வளவு உயரம் இருந்தாள் என்று தங்கை சொல்லிவிடலாம்.

கேட்டலும் கொடுத்தலும் போக மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது காத்தல். வாங்கியவர் தாம் வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பித் தருவதே அடுத்த முறை கேட்பதற்குரிய தகுதி. பட்டுச் சேலையை உடுத்திக் களைந்தவுடன் மடித்து வைக்கலாகாது. வியர்வை உலர நிழலில் சிறிது நேரம் காற்றாட விட வேண்டும். கறை பட்டிருந்தால் மறைக்காமல் உரியவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். நாட்பட்ட கறை எளிதில் போகாது. உலர்ந்த சேலையைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் நன்று. ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்தால் சரிகை அம்மடிப்பிலேயே முறியும். ஆகவே சில மாதங்களுக்கு ஒரு முறை பிரித்து மடிப்பை மாற்ற வேண்டும். பூச்சி உருண்டை சரிகையைத் தொடும்படி வைக்கலாகாது. சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் வாழும் நேயர்கள் இவற்றில் இன்னும் மிகுதியாகக் கருத்துச் செலுத்த வேண்டும்.

அன்னையின் கூறைச் சேலை

இதுவரை சிறுவர் வழக்கைக் கண்டோம். இனிப் பெரியவர் வழக்கு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அக்காள் திருப்பதியிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தங்கை கணவனோடு கடல் கடந்து சென்றுவிட்டாள். அன்னை காலமாகிறாள். காரியங்கள் முடிந்து பெட்டியைத் திறக்கும்போது அன்னையின் கூறைச் சேலை இருக்கிறது: அரக்கு நிறம், அகன்ற கரை, கல்யாண நாளின் மஞ்சள் சிறிது ஒட்டியிருக்கிறது. இருவருக்கும் அதன்மேல் ஆசை. "நோயில் பார்த்துக்கொண்டவள் நான்" என்று அக்காள் எண்ணுகிறாள். "அம்மாவின் அருகில் இருக்கவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, இச்சேலையாவது வேண்டாமா?" என்று தங்கை எண்ணுகிறாள். இருவர் எண்ணமும் நியாயமே. ஆனால் இருவரும் வாய் திறப்பதில்லை. தங்கை விமானமேறும் நாளன்று அக்காள் பெட்டியைப் பூட்டிவிடுகிறாள். அல்லது அக்காள் அடுப்படியில் இருக்கும்போது தங்கை சேலையைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்கிறாள். அதன்பின் இருவரிடையே தொலைபேசி மாதத்துக்கு ஒரு முறை ஒலித்தது ஆண்டுக்கு ஒரு முறையாகிறது. எந்தக் குடும்பம் என்று நாம் பெயர் சொல்ல வேண்டுவதில்லை. நேயர்களுள் பலர் தம் உறவினருள் இத்தகைய ஒன்றை அறிந்திருப்பர்.

இவ்விருவரும் காணிப்பாக்கத்துக் கதையை நினைத்தல் வேண்டும். கேட்பதற்கு நாணி எடுத்துக்கொள்வதும், கேட்கட்டும் என்று வாளாவிருந்து பூட்டுவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள். "அந்தச் சேலையை நான் ஓராண்டு வைத்துக்கொள்ளட்டுமா, அக்கா?" என்று தங்கை கேட்டிருக்கலாம். "என் மகள் கல்யாணத்துக்கு அனுப்பிவிடு, அம்மா" என்று அக்காள் விடையிறுத்திருக்கலாம். சேலை பறக்கும்; திரும்பும். ஒவ்வொரு மங்கலத்துக்கும் யார் வீட்டில் நாளோ அவர் வீட்டுக்குச் செல்லும். இரண்டாக வெட்டிக்கொள்வோம் என்று மட்டும் யாரும் முற்படலாகாது. வெட்டினால் இருவருக்கும் துண்டுதான் மிஞ்சும். சேலை எவருக்கும் இல்லை. தலையணை உறைக்கும் திரைக்கும் வெட்டுவதாயினும் மற்றவரைக் கேளாமல் கத்தரிக்கோலை எடுத்தல் முறையன்று.

இவ்விடத்தில் ஆண்மக்களுக்கும் ஒரு சொல் உண்டு. அண்ணன் தங்கைக்குச் சேலை எடுத்துத் தருவது அழகிய வழக்கம். மலையப்பனே அதனைச் செய்வதாக உலகம் கொண்டாடுகிறது. ஆயினும், 'ஆண்டுதோறும் சேலை தருகிறோமே, இனிச் சொத்தில் என்ன பங்கு?' என்று கூறுவோர் இன்றும் உளர். சீர் வேறு, பங்கு வேறு. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில், அன்று மணமாகாதிருந்த மகளிர்க்கு மகனோடு ஒத்த உரிமையை ஆந்திரப் பிரதேசம் 1985-ஆம் ஆண்டு முதலும், தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டு முதலும் வழங்கின. 2005-இல் மத்திய அரசின் திருத்தச் சட்டம் அவ்வுரிமையை மணமான மகளிர்க்கும் விரித்து, நாடெங்கும் பரவச் செய்தது. ஆகையால் தங்கைக்கு அன்போடு தரும் சேலையைக் கணக்கில் எழுதி, உரிமையில் கழித்துக்கொள்ளல் ஆகாது. கழித்துக்கொண்டால் அது சீர் ஆகாது, விலையாகிவிடும். உரியதை உரியவாறு தந்துவிட்டு, அதன்மேல் தரும் சேலையே சீர்.

வீட்டுக்கு ஒரு சிறு முறை

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்பது பழமொழி. அயலாரிடம் வாங்கும் இரவலுக்கு அது பொருந்தும். உடன்பிறந்தாரிடம் வாங்குவது இரவலாகத் தோன்றாதிருக்க வேண்டுமானால், வீட்டில் சில முறைகளைப் பழக்குதல் நன்று.

கேட்காமல் எதையும் எடுப்பதில்லை என்பது முதல் முறை. கேட்பவர் வயதில் மூத்தவராயினும் கேட்கவே வேண்டும். 'மாட்டேன்' என்று சொல்லவும் உரியவருக்கு உரிமை உண்டு என்பது இரண்டாவது. மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பதற்குப் பொருளே இல்லை. "சின்னவள்தானே, விட்டுக்கொடு" என்னும் பழைய தீர்ப்பைப் பெற்றோர் இனியேனும் கைவிட வேண்டும். அது மூத்தவளுக்குக் கொடையின் இன்பத்தைக் கெடுக்கிறது. இளையவளுக்கோ அழுதால் கிடைக்கும் என்று கற்பிக்கிறது. "அவளைக் கேள், அவள் தந்தால் உடுத்திக்கொள்" என்பதே நல்ல தீர்ப்பு. முதலில் இரண்டு முறை மூத்தவள் மறுக்கக்கூடும். மூன்றாம் முறை அவளே எடுத்து வந்து, "இதற்கு அந்தப் பச்சை ரவிக்கைதான் எடுப்பாயிருக்கும்" என்று தங்கைக்குக் கட்டிவிடுவாள். வாங்கியதை வாங்கியவாறே திருப்பித் தருதல் மூன்றாவது முறை.

கேட்டல், கொடுத்தல், காத்தல் என்னும் இம்மூன்றையும் ஒரு தாவணியில் பழகிய பிள்ளைகள், நாளை ஒரு வீட்டையும் ஒரு காணி நிலத்தையும் அன்னையின் பெட்டியையும் பங்கிடும்போது தடுமாற மாட்டார்கள். தாவணியில் பழகாதவர்களுக்கு நீதிமன்றத்தில் கற்பிக்க நேரும். அங்கே ஆகும் செலவோ மிகப் பெரிது.

அடுத்த முறை திருப்பதிக்குச் செல்லும் நேயர்கள், மலையிலிருந்து இறங்கிய பிறகு சிறிது நேரம் ஒதுக்கித் தங்கையின் கோயிலுக்கும் சென்று வர வேண்டுகிறோம். சித்தூர் வழியே திரும்புவோர் காணிப்பாக்கத்தில் பாகுதைக் கரையில் நிற்கலாம். அங்கே நிற்கும்போது, கேளாமல் எடுத்த பொருள் ஏதேனும் உங்கள் அலமாரியில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், ஊர் திரும்பியதும் அக்காளுக்கோ அண்ணனுக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் அழைத்தாலும் போதும். "உன் சேலை என்னிடம் இருக்கிறது. இன்னும் சில நாள் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள்.

பத்தாண்டுக்குப் பின் கேட்டாலும் அது கேட்டதாகவே ஆகும். இளமையில் அச்சேலையை உங்களுக்குக் கட்டிவிட்டவர் மறுமுனையில் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.